லென்ஸ் அச்சுக்குள் எந்த ஒளித்தூண்டி? 1173, 2959, 819, எல்.ஏ.பி.: எதை எப்போது எடுக்கலாம்

1173, 2959, 819, எல்.ஏ.பி. எல்லாம் ஒளித்தூண்டிகளின் பெயர்கள்; வெளிச்சம் பட்டதும் காண்டாக்ட் லென்ஸுக்கான திரவத்தை இறுக வைப்பவை. இவற்றில் எதை எடுப்பது என்ற ஒரே கேள்வி கடந்த சில மாதங்களில் மூன்று பேரிடமிருந்து மூன்று விதமாக வந்தது. பாலிமர் வேதியியல் முதுகலை மாணவி ஒருவர், "365 நானோமீட்டர் எல்.இ.டி. விளக்கு வாங்கியாகிவிட்டது சார், 1173 போதுமா, 819 வாங்கணுமா?" என்று கேட்டார். சிறிய அளவில் மென் லென்ஸ் (கண்ணில் போட்டுக்கொள்ளும் மென்மையான காண்டாக்ட் லென்ஸ்) தயாரிக்கும் ஒருவர், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் லென்ஸுக்கு மாறியதிலிருந்து ஒரு பக்கம் பிசுபிசுப்பாகவே வருகிறது என்று எழுதியிருந்தார். மூன்றாமவர் தண்ணீரில் கரைந்த பாலிவினைல் ஆல்கஹாலை லென்ஸாக்க வேண்டியவர். 2959-ஆ, எல்.ஏ.பி.யா என்று முடிவெடுக்க முடியாமல் நிற்கிறார்.

மூவரும் பாட்டிலிலிருந்து யோசிக்கத் தொடங்கினார்கள். விளக்கிலிருந்து தொடங்குங்கள் என்று மூவருக்கும் சொன்னேன். அந்தப் பதில்களைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

விஷயம் புதிதாக இருப்பவர்களுக்கு இரண்டு வரி. பெரும்பாலான மென் லென்ஸ்கள் இரண்டு சின்ன பிளாஸ்டிக் கிண்ணங்களுக்கு நடுவே வார்க்கப்படுகின்றன. கிண்ணங்கள் பொதுவாக பாலிப்ரோப்பிலீன். நடுவில் இருக்கும் இடைவெளி ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். அதில் ஹெமா போன்ற மோனோமரும் (சங்கிலியாகக் கோர்க்கப்படும் சிறு மூலக்கூறு), சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் குறுக்கிணைப்பி கொஞ்சமும், 1 சதவீதத்துக்கும் குறைவாக ஒளித்தூண்டியும் சேர்ந்த திரவம் இருக்கும். வெளிச்சம் பட்டதும் ஒளித்தூண்டி உடைந்து ரேடிக்கல்கள் என்னும், உடனே வினைபுரியும் துண்டுகளாகிறது. அவை மோனோமர்களைச் சங்கிலியாகக் கோர்க்கின்றன. திரவம் லென்ஸாகிறது. ஆய்வகத்தில் நாங்கள் ஒளித்தூண்டியை இனிஷியேட்டர் என்றே சொல்வோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதல் கேள்வி, உங்கள் அச்சைத் தாண்டி எந்த அலைநீளம் உள்ளே வருகிறது என்பது. பட்டியல்களில் 1173-க்கு 245, 280, 331 நானோமீட்டரில் உச்சங்கள் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். குறுகிய அலைகளில் பெரும்பகுதி பாலிப்ரோப்பிலீன் சுவரிலேயே போய்விடும். உங்களுக்கு மிஞ்சுவது 365-ஐ ஒட்டிய பகுதியும் அதற்கு மேலே இருக்கும் நீல ஊதாவும்தான்.

இரண்டாவது, கலவைக்குள் வேறு எது அந்த வெளிச்சத்தை எடுத்துக்கொள்கிறது. புற ஊதாத் தடுப்பான், சாயம், சில நேரம் மோனோமரில் கலந்து வந்த அசுத்தம்.

மூன்றாவது, கரைதல். நான்காவது, வேலை முடிந்த பிறகு லென்ஸில் என்ன மிஞ்சுகிறது, அதைக் கழுவி எடுக்க முடியுமா. இதை ஒரு கணக்காகப் பார்ப்போம். ஒரு லென்ஸில் சுமார் 20 மில்லிகிராம் பாலிமர் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 0.5 சதவீத இனிஷியேட்டர் என்பது 100 மைக்ரோகிராம். லென்ஸ் உறையில் இருக்கும் உப்புக்கரைசல் ஏறக்குறைய 1 மில்லிலிட்டர். கழுவாமல் விட்டால் அந்த 100 மைக்ரோகிராமில் பாலிமரோடு பிணையாத பங்கு முழுவதும் அந்த ஒரு மில்லிலிட்டரில் இறங்கி, அங்கிருந்து கண்ணுக்குப் போகும். இந்தத் தொழிலில் என்னை உறுத்திக்கொண்டே இருக்கும் கணக்கு இது. லென்ஸ் போட்டுக்கொள்பவருக்கு அந்தப் பொருளின் பெயர்கூடத் தெரியாது.

ஐந்தாவது, அறையும் ஆட்களும். கலவையை எந்த வெளிச்சத்தில் கையாளலாம், எத்தனை மணி நேரம் கெடாமல் இருக்கும் என்பது கிலோ விலையைவிடப் பெரிய செலவாகிவிடும்.

ஆக்ஸிஜனைப் பட்டியலில் சேர்க்கவில்லை, ஏனென்றால் அது எல்லா இனிஷியேட்டருக்கும் பொது எதிரி. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். லென்ஸின் மேல்தோல் பிசுபிசுத்தால் இனிஷியேட்டரை மாற்றும் முன் அச்சைக் கவனியுங்கள். பாலிப்ரோப்பிலீன் தனக்குள் ஆக்ஸிஜனை வைத்திருக்கும். கலவைக்குள் நைட்ரஜன் விட்டால் மட்டும் போதாது, வெறும் அச்சுகளையும் பல மணி நேரம் நைட்ரஜனில் வைத்திருந்து எடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் இனிஷியேட்டரைக் குறை சொன்ன நாட்கள் எனக்கும் உண்டு.

## ஒரே பார்வையில்

| இனிஷியேட்டர் | எந்த வெளிச்சம் | எதில் கரையும் | மறைந்திருக்கும் செலவு | எப்போது பொருந்தும் |
|---|---|---|---|---|
| 1173 | புற ஊதா, 365 வரை பலவீனமாக | மோனோமர்களில் எளிதாக (திரவம்) | வினைபடாமல் மிஞ்சுவது, பென்சால்டிஹைடு | தடுப்பான் இல்லாத ஹெமா, சிலிக்கோன் ஹைட்ரோஜெல் (சிலிக்கோன் கலந்த மென் லென்ஸ் பொருள்) |
| 2959 | குறுகிய புற ஊதா, 365-இல் மிகப் பலவீனம் | தண்ணீரில் ஓரளவு | புற ஊதா புகும் விலையுயர்ந்த அச்சு | நீர்வழிக் கலவை |
| 819 | 365 முதல் நீலத்தின் விளிம்பு வரை | மோனோமர்களில் மெதுவாக | மஞ்சள் விளக்கு அறை, கரைப்பானில் கழுவுதல் | புற ஊதாத் தடுப்பு லென்ஸ் |
| எல்.ஏ.பி. | 365, 405 | தண்ணீரில் நன்றாக | விலை, ஆவண வேலை | ஆய்வகம், நீர்வழிச் சோதனைகள் |
| வெப்பவழி (ஏ.ஐ.பி.என்.) | வெளிச்சமே வேண்டாம் | மோனோமர்களில் | நேரம், அடுப்பு, நச்சு மிச்சம் | கடைந்து லென்ஸாக்கும் பொத்தான் வடிவக் கட்டி, ஒளிபுகா நிறம் |

## 1173: பழகிய கை

தெளிந்த திரவம். கலவையில் ஊற்றிக் கலக்கினால் கரைந்துவிடும். நிறம் தராது. சாதாரணக் குழல்விளக்கின் கீழே கொஞ்ச நேரம் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. ஆரம்பக்கால சிலிக்கோன் ஹைட்ரோஜெல் காப்புரிமைகளின் உதாரணங்களில் இதன் பெயர் திரும்பத் திரும்ப வரும். புதிதாகத் தொடங்குபவர் கைபழக இதைவிட நல்லது கிடையாது.

குறை எங்கே என்றால், 365-இல் இது வெளிச்சத்தை ஏறக்குறைய எடுத்துக்கொள்வதே இல்லை. 0.1 மில்லிமீட்டர் தடிமன், 0.5 சதவீத அளவு என்று போட்டுப் பார்த்தால், உள்ளே வந்த ஒளியில் 1 சதவீதத்துக்கும் குறைவுதான் 1173-க்குப் போகிறது. மற்றதெல்லாம் லென்ஸைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும். லென்ஸ் இறுகிவிடும், அதில் சந்தேகமில்லை. ஒவ்வொரு ரேடிக்கலும் ஒரு நீண்ட சங்கிலியைத் தொடங்குவதால் கொஞ்சம் உடைந்தாலே போதும். ஆனால் உடையாத 1173 கணிசமாக உள்ளேயே தங்கும்.

உடைந்ததும் முழுக்கப் பாலிமரோடு ஒட்டிக்கொள்வதில்லை. அச்சைத் திறக்கும்போது பேக்கரியில் பாதாம் எசென்ஸ் பாட்டிலைத் திறந்தது போல ஒரு வாசனை வரும். அதுதான் பென்சால்டிஹைடு. அந்த வாசனை மூக்குக்குத் தெரிகிற வரை கழுவல் போதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசனை போன பிறகும் கருவியில் போட்டுப் பார்க்காமல் விடக் கூடாது.

மாணவிக்கு நான் சொன்னது இதுதான்: தடுப்பான் இல்லாத ஹெமா, கண்ணாடி அல்லது பாலிப்ரோப்பிலீன் அச்சு, 365 விளக்கு, ஐசோபுரோப்பனாலில் கழுவ வசதி என்றால் 1173-ஐ வைத்தே ஆய்வறிக்கையை முடிக்கலாம். 819 வாங்க வேண்டியதில்லை.

## 819: தடுப்பான் இருந்தால் இதுதான்

இரண்டாமவரின் சிக்கலுக்கு வருவோம். அவர் 1173-ஐ 0.5 சதவீதத்திலிருந்து 1-க்கும், அங்கிருந்து 1.5-க்கும் ஏற்றிப் பார்த்திருக்கிறார். வாசனை ஏறியது, விளக்கிலிருந்து தள்ளியிருந்த பக்கம் மட்டும் அப்படியே பிசுபிசுத்தது.

காரணம் அவர் சேர்த்த தடுப்பான். முதல் வகுப்புப் புற ஊதாத் தடுப்பு லென்ஸ் என்றால் யூவி-ஏ கதிரில் 90 சதவீதத்தையும் யூவி-பி கதிரில் 99 சதவீதத்தையும் நிறுத்த வேண்டும். அதற்காகப் போடும் பென்சோட்ரையசோல் வகைப் பொருள் 365-ஐ விழுங்கும். அதுதான் அதன் வேலை. விளக்கைப் பார்த்த பக்கத்துக்கு வெளிச்சம் கிடைக்கிறது, மறுபக்கத்துக்குக் கிடைப்பதில்லை. இனிஷியேட்டரை எத்தனை மடங்கு ஏற்றினாலும் வராத வெளிச்சத்தை அது எடுக்க முடியாது.

819 இங்கேதான் கைகொடுக்கிறது. இது ஒரு பிஸ்-அசைல் பாஸ்பின் ஆக்சைடு. எடைக்கு எடை பார்த்தால் 365-இல் 1173-ஐவிடச் சுமார் 30 மடங்கு ஒளியை எடுக்கும். அதைவிட முக்கியம், 405-இலும் வேலை செய்யும். தடுப்பானின் பிடி 400-க்கு அருகில் தளர்ந்துவிடுகிறது. ஆக 405 அல்லது 420 விளக்கைப் போட்டால் தடுப்பானைத் தாண்டி வெளிச்சம் உள்ளே போகும், 819 அதை எடுத்துக்கொள்ளும். மேலே போட்ட அதே கணக்கை 405-இல் 819-க்குப் போட்டால் ஏறக்குறைய 10 சதவீத ஒளி வருகிறது. 1173-க்கு அங்கே பூஜ்யம்தான். புற ஊதாத் தடுப்புள்ள அக்யூவ் வகை லென்ஸ்களின் காப்புரிமை உதாரணங்களில் 819-ம் கண்ணுக்குத் தெரியும் ஒளி தரும் குழல்விளக்குகளும் சேர்ந்தே வருவது இதனால்தான்.

இன்னொரு நல்ல குணமும் இதற்கு உண்டு. 819 மஞ்சள் தூள், கலவையும் வெளிர்மஞ்சளாக இருக்கும். வாங்கியவர்கள் இதைப் பார்த்துப் பயப்படுவார்கள். மூலக்கூறு உடையும்போது அந்த மஞ்சளும் போய்விடும். மேலடுக்கு வெளுத்ததும் வெளிச்சம் அடுத்த அடுக்குக்கு இறங்குகிறது. சரியாக க்யூர் ஆன (இறுகிய) லென்ஸ் தெளிவாக இருக்கும். மஞ்சள் மிஞ்சியிருந்தால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம்.

சரி, செலவுகள். முதல் முறை 819 கலந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தூள் எளிதில் கரையவில்லை. லேசாகச் சூடாக்கி, காந்தக் கலக்கியில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். மேசை ஜன்னலோரத்தில் இருந்தது. திரும்பி வந்தபோது கலக்கி சுற்றிக்கொண்டிருந்தது, பீக்கருக்குள் இருந்த காந்தக்கட்டி நின்றிருந்தது. ஜன்னல் பக்கம் திரவம் அல்வா பதத்துக்கு இறுகி, மற்ற பக்கம் இன்னும் தண்ணீராக இருந்தது. ஒரு நாள் மோனோமர் குப்பைக்குப் போயிற்று. அன்றிலிருந்து பழுப்பு பாட்டில், அலுமினியத் தாள், ஜன்னலுக்கும் குழல்விளக்குக்கும் மஞ்சள் உறை என்று ஆனது. ஆலையில் இதே வேலையைக் கலவை அறை, குழாய்கள், நிரப்பும் இயந்திரம் எல்லாவற்றுக்கும் செய்ய வேண்டும். நிரப்பும் ஊசியின் நுனியில் ஒரு சொட்டு இறுகினாலும் அன்றைய ஷிப்ட் கெட்டது.

அப்புறம் கழுவல். 819-ம் அதன் உடைவுகளும் தண்ணீரில் கரையாது. ஆல்கஹால் வேண்டும். ஆல்கஹால் என்றால் தீப்பொறி வராத மின்சாதனங்கள், ஆவியை வெளியேற்றும் அமைப்பு, கரைப்பானை மீட்கும் அமைப்பு, கடைசியில் ஆல்கஹாலையே நீக்கத் தண்ணீர்க் குளியல்கள். 819 தோல் ஒவ்வாமை உண்டாக்கும் பொருளாகவும் வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. ஹெமாவும் அப்படித்தான், மெல்லிய நைட்ரைல் கையுறையைச் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். கையில் தெறித்தால் கையுறையை உடனே மாற்றச் சொல்லி ஆட்களைப் பழக்குங்கள். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அந்த ஆள் அந்த வேலைக்குத் திரும்ப முடியாமலே போகலாம்.

இது வேகமானது என்பதால் 1173-க்குப் போட்ட அளவையே போட வேண்டாம். 0.2 சதவீதத்தில் தொடங்கி, விளக்கின் செறிவையும் குறைத்து வைத்துப் பாருங்கள். குழல்விளக்கிலிருந்து எல்.இ.டி.க்கு மாறுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழைய விளக்குப் பெட்டிகள் தாமாகவே சூடாகி அச்சையும் சூடாக்கிக்கொண்டிருந்தன. எல்.இ.டி. வந்ததும் அந்தச் சூடு குறையும், அதே கலவை மெதுவாக இறுகும். வெப்பத்தைத் தனியாகக் கட்டுப்படுத்திக் கொடுங்கள்.

## 2959: தண்ணீருக்குள் வேலை என்றால்

செல் வளர்ப்பு ஆய்வுகளில் பல வகைச் செல்கள் நன்றாகத் தாங்கிக்கொண்ட இனிஷியேட்டர் என்று பெயர் எடுத்தது. அந்தப் பெயரை நம்பி லென்ஸுக்கும் இதுவே சிறந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. 365-இல் இது 1173-ஐவிடவும் பலவீனம், உச்சம் 276-ஐ ஒட்டி இருக்கிறது. பாலிப்ரோப்பிலீன் அச்சும் 365 எல்.இ.டி.யும் வைத்திருப்பவர் 2959 வாங்கினால் ஏமாற்றம்தான்.

ஆனால் சரியான இடத்தில் வைத்தால் மிக அழகாக வேலை செய்யும். சிபா விஷன் என்ற லென்ஸ் நிறுவனம் கொண்டுவந்த நெல்ஃபில்கான் லென்ஸ் அதற்கு உதாரணம். மாற்றியமைக்கப்பட்ட பாலிவினைல் ஆல்கஹால் ஏற்கெனவே பெரிய மூலக்கூறு, தண்ணீரில் கரைந்திருக்கிறது. அதைப் புற ஊதா நன்றாகப் புகும், திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் அச்சில் வைத்துச் சில வினாடிகளில் குறுக்கே பிணைத்துவிடுகிறார்கள். சிறிய மோனோமர் கிட்டத்தட்ட இல்லை என்பதால் கரைப்பானில் கழுவும் படியே தேவைப்படவில்லை. 819 பிரிவில் நான் அடுக்கிய ஆல்கஹால் செலவு அத்தனையும் இங்கே கிடையாது. பதிலுக்கு அச்சுக்கும் அதைத் தேய்த்துக் கழுவிச் சோதிப்பதற்கும் பணம் போகிறது. ஒரு அச்சில் கீறல் விழுந்தால் அதிலிருந்து வரும் ஒவ்வொரு லென்ஸிலும் அந்தக் கீறல் இருக்கும்.

## எல்.ஏ.பி.: ஆய்வகத்துக்கு, இப்போதைக்கு

இது லித்தியம் உப்பு. தண்ணீரில் நன்றாகக் கரையும். 2009-இல் கொலராடோ பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட அளவுகளின்படி 365-இல் 2959-ஐவிட 50 மடங்குக்கு மேல் ஒளியை எடுக்கிறது. 405-இலும் வேலை செய்கிறது. மூன்றாமவர் வைத்திருப்பது 365 விளக்கும் கண்ணாடி அச்சும். சோதனைக் கட்டத்தில் இருக்கிறார். அவருக்கு எல்.ஏ.பி.தான் சரி, 0.1 சதவீதமே தாராளம்.

விற்பனைக்கான லென்ஸ் என்றால் யோசிப்பேன். 1173, 2959, 819 ஆகியவற்றுக்குப் பின்னால் லென்ஸ் துறையின் நீண்ட அனுபவம் இருக்கிறது. எல்.ஏ.பி.க்கு அந்த அளவு கிடையாது. உடலுக்கு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் ஐ.எஸ்.ஓ. 10993 வரிசைச் சோதனைகளில் மிச்சங்களுக்கான விளக்கத்தை நீங்களே முதலிலிருந்து கட்ட வேண்டும். சிலிக்கோன் மோனோமர்களில் இது கரையாது என்பதால் அந்தப் பக்கம் போகிறவர்கள் யோசிக்கவே வேண்டாம்.

## டி.பி.ஓ.: புதிதாகத் தொடங்காதீர்கள்

இதுவும் ஒரு இனிஷியேட்டர், 819-இன் தம்பி மாதிரி. விலை குறைவு, எளிதில் கரையும், ஆகவே ஆசை வரும். ஐரோப்பாவில் இது இனப்பெருக்க நச்சு 1பி என்று வகைப்படுத்தப்பட்டு, 2023 ஜூனில் மிகக் கவலைக்குரிய பொருட்களின் பட்டியலில் ஏறியது. 2025 செப்டம்பர் 1 முதல் அங்கே நகப்பூச்சு உள்ளிட்ட அழகுசாதனங்களில் தடை. ஐரோப்பிய மருத்துவச் சாதன விதி கண்ணின் வெளிப்பரப்பையும் உடலின் திறப்பாகவே கணக்கில் எடுக்கிறது. அதனால் லென்ஸில் இந்த வகைப் பொருள் எடையில் 0.1 சதவீதத்தைத் தாண்டினால் ஏன் தாண்டியது என்று நியாயம் சொல்ல வேண்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தயாரிப்பை மாற்றுவது வேறு கதை. புதிதாகத் தொடங்குகிறவர் இதைத் தொட எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

## வெளிச்சமே வேண்டாம் என்றால்

லென்ஸைக் கடைந்தெடுக்கத் தடிமனான பொத்தான் வேண்டுமென்றால், அல்லது ஒளி புகாத நிறமி நிறைய இருந்தால், வெப்பவழியே மேல். வெப்பத்தில் உடையும் இனிஷியேட்டரான ஏ.ஐ.பி.என். 65 டிகிரியை ஒட்டிப் பத்து மணி நேரத்தில் பாதி சிதையும். மெதுவாகச் சூடேற்றினால் உள் அழுத்தம் குறைந்த பொத்தான் கிடைக்கும். சிதையும்போது நைட்ரஜன் வாயு வரும், அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் குமிழி விழும். மிச்சமாக வரும் டெட்ராமெதில் சக்சினோநைட்ரைல் நச்சுள்ளது, அதைக் கழுவி எடுத்ததற்கு அளவீட்டோடு ஆதாரம் வேண்டும்.

## வாங்குவதற்கு முன் ஒரு மதியம்

உங்கள் அச்சின் சுவரில் ஒரு துண்டு வெட்டி, ஒளிமானியின் முன் பிடித்து, 365-இலும் 405-இலும் எவ்வளவு உள்ளே வருகிறது என்று அளந்துவிடுங்கள். தடுப்பான் போட்ட கலவையை இரண்டு கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே 0.1 மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்து இதையே திரும்பச் செய்யுங்கள். அப்புறம் க்யூர் ஆன பத்து லென்ஸ்களை உலர்த்தி எடைபோட்டு, ஐசோபுரோப்பனாலில் ஓரிரவு ஊறவைத்து, மறுபடி உலர்த்தி எடைபோடுங்கள். குறைந்த எடைதான் கழுவலில் வந்தது. நீர்த்தி (கலவையை நீர்க்க வைக்கச் சேர்க்கும் திரவம்) சேர்த்த கலவை என்றால் அதன் எடையைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

வாங்கும்போது பெயரில் குழம்ப வேண்டாம். இர்காக்யூர், டாரோகர் என்று சிபா என்ற ரசாயன நிறுவனத்திடம் இருந்த வணிகப் பெயர்கள் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்துக்குப் போயின. 2016-இல் அந்த வணிகத்தை ஐ.ஜி.எம். ரெசின்ஸ் வாங்கியது, இப்போது ஓம்னிராட் என்று வருகிறது. மூலக்கூறு அதேதான். சீட்டில் சி.ஏ.எஸ். எண்ணை (ஒவ்வொரு ரசாயனப் பொருளுக்கும் உள்ள அடையாள எண்) பாருங்கள்: 1173-க்கு 7473-98-5, 2959-க்கு 106797-53-9, 819-க்கு 162881-26-7, எல்.ஏ.பி.க்கு 85073-19-4.